கட்டோங்கோ வீட்டுக் கக்கூஸும் வியத்தகு தகவல் துறையும்

எங்கள் சுரங்க ஊர் முலாஷியில் செம்பு தீர்ந்துபோனதும் நகராட்சிக்காரர்கள் சும்மா இருந்திருக்கலாம். உருக்காலைப் புகைபோக்கி புகையில்லாமல் நின்றுகொண்டிருக்கும், நாங்களும் அதைப் பார்த்துக்கொண்டு எங்கள் பாட்டைப் பார்த்திருப்போம். ஆனால் அவர்களுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. யோசனை வராத அதிகாரியால் ஓர் ஊர் கெட்டது என்று இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

மண்ணுக்குக் கீழே செம்பு இல்லையென்றால் என்ன, மண்ணுக்கு மேலே தகவல் இருக்கிறதே, அதை வெட்டி எடுத்து உலகத்துக்கு விற்போம் என்பதுதான் யோசனை. சுரங்கத்தின் பழைய சம்பள அலுவலகத்துக்கு வெள்ளையடித்து ‘வியத்தகு தகவல் துறை’ என்று பெயர் எழுதினார்கள். அதற்கப்புறம் ஊர் முழுக்க நீலப் பலகை முளைக்க ஆரம்பித்தது. ‘இந்த முச்சந்தியில்தான் முலாஷியின் முதல் சைக்கிளுக்குக் காற்று இறங்கியது.’ ‘ஒரு மழைக்காலத்தில் இந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து நீர்யானை ஒன்று எட்டிப் பார்த்தது.’ ‘இந்தச் சலூனில் முடி வெட்டிக்கொண்ட ஒருவர் பிற்காலத்தில் அமைச்சரின் காரோட்டியானார்.’ சலூன்காரன் பாவம், அந்த நாற்காலியில் அப்புறம் யாரையும் உட்காரவைக்க முடியவில்லை. அது சரித்திர நாற்காலி.

சுற்றுலாப் பயணிகள் வரவில்லை. ஒரே ஒரு ஆள் வந்தார், அவரும் கார் பழுதானதால் வந்தவர். அவர் கார் நின்ற இடத்திலும் ஒரு பலகை வைத்தாயிற்று.

துறைக்கு விதிகள் உண்டு. இரண்டு சாட்சிகள் வாய்விட்டுச் சொன்னால் அது தகவல். துறை ஊழியர் அலுவல் நேரத்தில் சாட்சியாகக் கூடாது, ஒருதலைப்பட்சம் ஆகிவிடுமாம். ‘இல்லை’ என்று சொல்ல வருகிற சாட்சியை என்ன செய்வது என்பதற்கு மட்டும் விதியே கிடையாது. அப்படி ஒருவன் வருவான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

அப்படி வந்து மாட்டிக்கொண்டவன்தான் கட்டோங்கோ. பேருந்து நிலையத்துப் பட்டறையில் பிரேக் சரிபார்க்கிறவன். வம்பு தும்புக்குப் போகாதவன். சுரங்கக் கம்பெனி விற்றுவிட்டுப்போன வரிசை வீடுகளில் ஒன்று அவனுடையது. அந்த வீட்டுக் கொல்லையில் அவன் ஒரு நல்ல காரியம் செய்தான், அதுதான் அவன் செய்த தப்பு.

அவன் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்த டாக்டர், “வீட்டுக்குப் போனாலும் இவங்க குத்தவைக்கவே கூடாது. நாற்காலி மாதிரி உக்கார்ற கக்கூஸ் இருந்தாத்தான் அனுப்புவேன்” என்று சொல்லிவிட்டார். எங்கள் வரிசையில் எல்லார் வீட்டிலும் குத்தவைக்கிற குழிதான். கட்டோங்கோ தன் சைக்கிளை விற்றான். சீனாக்காரர் கடையில் வெள்ளை வெளேரென்று ஒரு கோப்பை வாங்கி, சிமெண்டு பூசி, தண்ணீர்த்தொட்டி மாட்டி, சங்கிலி தொங்கவிட்டு முடித்தான். எங்கள் பக்கத்தில் மருமகன் மாமியார் எதிரில் வந்து நிற்கக் கூடாது, நேரே பேசக் கூடாது. கைத்தாங்கலாக அழைத்துப் போவதெல்லாம் நினைத்தே பார்க்க முடியாது. ஆகவே மாமியாருக்கு அவன் செய்யக்கூடிய மரியாதை இந்தக் கோப்பை ஒன்றுதான்.

“எங்கம்மாவுக்கு என் கூடப்பிறந்தவன்கூட இது செய்யலைங்க” என்று அவன் மனைவி பிரிஸ்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டோங்கோ அன்றைக்கு இரண்டு தட்டு சோளக்களி கூடுதலாகச் சாப்பிட்டான்.

அந்த வாரமே அவனுடைய பெரியப்பா செத்துப்போனார்.

பெம்பாக்காரர் சாவு வீடென்றால் எங்கள் ஊரில் அங்கோனிக்காரர்கள் வந்தே ஆக வேண்டும். ஒரு காலத்தில் பெம்பாக்காரர்களும் அங்கோனிக்காரர்களும் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள். குத்திக் குத்திச் சலித்துப்போய், இனிமேல் வாயால் மட்டும் குத்திக்கொள்வது என்று ஆனது. அன்றிலிருந்து இரண்டு இனமும் மாமன் மச்சான் முறை. மச்சான் என்ன கிண்டல் செய்தாலும் கோபப்படக் கூடாது. மறுக்கவும் கூடாது. ‘ஆமாம்டா’ என்று ஒப்புக்கொண்டு, அதற்கு மேலே ஒன்று ஏற்றிவிட வேண்டும். அதுதான் மரியாதை. சாவு வீட்டில் அழுகிறவர்களைச் சிரிக்கவைப்பது மச்சான்களின் கடமை.

பக்கத்து வீட்டு ஜேரே அங்கோனிக்காரன். கட்டோங்கோவின் உயிர் நண்பன். அவன் முதலில் சவப்பெட்டி மேல் கையை வைத்து, “எனக்குக் கோழி அடிச்சுப் போடாம மாமாவைத் தூக்க விடமாட்டேன்” என்று மறித்தான். கூட்டம் சிரித்தது. அப்புறம் ஆரம்பித்தான்.

“இந்தப் பெம்பாக் குரங்கு தின்னிங்களுக்குச் செம்பு எப்படிக் கிடைச்சுது தெரியுமா? இதோ நிக்கிறானே கட்டோங்கோ, இவன் தாத்தா ஒருநாள் காலையில வயித்தைப் புடிச்சுக்கிட்டு ஓடினாரு. இப்ப இவன் கக்கூஸ் கட்டியிருக்கானே, சாட்சாத் அதே இடம், அப்ப புதரு. உக்காந்தாரு. வேலை முடிஞ்சுது. இலையைத் தேடினா நல்ல வெயில் காலம், இலை ஏது? கையில அகப்பட்ட கல்லால துடைச்சாரு. பாத்தா கல்லு பச்சை! ‘ஐயோ, எனக்குள்ள என்னமோ ஆயிடுச்சு’ன்னு அலறிக்கிட்டே வெள்ளைக்காரன்கிட்ட ஓடினாரு. அவன் வைத்தியமா பாத்தான்? பச்சைன்னா செம்புன்னு சுரங்கத்தைத் தோண்டிட்டான்!”

அழுதுகொண்டிருந்த பெரியம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டோங்கோ விடுவானா?

“ஆமாண்டா மச்சான், அத்தனையும் சத்தியம். ஆனா அந்தக் கல்லைக் கழுவத் தண்ணியைத் தூக்கிக்கிட்டு எங்க தாத்தா பின்னாலயே ஓடினது யாரு? உன் தாத்தா! எலி தின்னி! இந்த ஊரு செம்புல பாதி அவரு கழுவினதுதானே!”

கூட்டம் உருண்டது. ஓரத்தில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பெயர் கபாசோ, துறையின் தகவல் சேகரிப்பாளர். சாவு வீட்டில்தான் வயசானவர்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், பஸ் செலவு மிச்சம் என்று ஒரு சாவையும் விடமாட்டார். சாப்பாட்டுப் பந்தியில் கட்டோங்கோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ரெண்டாவது சாட்சி நீங்கதானே? முழுப்பேரு சொல்லுங்க.”

கட்டோங்கோ இதுவும் ஒரு கிண்டல் என்று நினைத்துப் பெயரைச் சொன்னான். கோழிக்காலையும் அவர் தட்டில் வைத்தான்.

மூன்றாம் நாள் பட்டறையிலிருந்து வந்தால், கக்கூஸ் கதவில் சிவப்பு ரிப்பன், பெரிய பூட்டு. பக்கத்தில் நீலப் பலகை. ‘முலாஷியின் செம்பு கண்டெடுக்கப்பட்ட புனித இடம். சேதப்படுத்துவோர் வீடு பறிமுதல் செய்யப்படும்.’ வாசலில் நாற்காலி போட்டு ஒரு காவலாளி. நடுவில் கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் கைகட்டி நின்று கக்கூஸைக் கண்ணில் நீர் மல்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் துறை இயக்குநர் டாக்டர் ஷாவா. மருந்து டாக்டர் இல்லை. தகவலில் டாக்டர்.

“நீங்கதான் வாரிசா?” என்று கட்டோங்கோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உள்ள பாத்தேன். உடம்பு புல்லரிச்சுப் போச்சு. அந்தப் பீங்கானோட வளைவு இருக்கே, நூறு வருஷப் பழசு. இப்பல்லாம் அப்படி யாரு செய்யறா?”

“ஐயா, அது போன வாரம் வாங்கினது. சீனாக்காரர் கடையில. பின்பக்கம் ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கு.”

ஷாவா உள்ளே போனார். ஏதோ உரிகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, “இப்ப இல்லை” என்றார்.

“அப்ப அங்க வெறும் புதருன்னுதானே ஐயா கதையே? புதருக்குள்ள பீங்கான் எப்படி வரும்?”

“அதுதாங்க வியப்பு! நாங்க வியத்தகு தகவல் துறை. வியப்பில்லாத தகவல் வேணும்னா நீங்க குடிநீர்த் துறைக்குப் போகணும்.”

“சரி ஐயா, இது இப்படியே இருக்கட்டும். நான் பக்கத்துல இன்னொரு குழி தோண்டிக்கறேன்.”

“சரித்திரச் சின்னத்தைச் சுத்தி நாப்பது அடிக்குக் கடப்பாரை படக் கூடாது.”

கட்டோங்கோவின் கொல்லையே முப்பது அடிதான். மீதிப் பத்தடி ஜேரே வீட்டுக்குள் போயிற்று.

பிரிஸ்கா வீட்டுக்குள் போனாள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் துடைத்துவைத்தாள். “திங்கக்கிழமை அம்மாவை அனுப்பறாங்க. கக்கூஸ் தொறந்திருந்தா இங்க வருவா. இல்லேன்னா ண்டோலாவுல எங்கண்ணன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். அவ நடக்கற வரைக்கும் நானும் அங்கதான். மாமியாருக்கு உக்கார ஒரு இடம் குடுக்க முடியாத மருமகன்னு எங்கண்ணி ஊரெல்லாம் சொல்லுவா. கேட்டுக்கிட்டு நான்தான் நிக்கணும்.”

கட்டோங்கோவுக்கு வயிறு கலங்கியது. கலங்கியும் போக இடமில்லை. ஜேரே வீட்டுக் குழிக்குத்தான் ஓடினான்.

மறுநாள் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுத் துறைக்குப் போனான். ஷாவா அவனுக்கு டீ வரவழைத்தார். மரியாதையில் குறை சொல்ல முடியாது, அதுதான் இன்னும் எரிச்சல்.

“ஐயா, அது மச்சான் கிண்டல். ஜேரே அங்கோனிக்காரன். நான் பெம்பா. நீங்க நம்ம ஊருதானே, இதுகூடவா தெரியாது?”

“என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? நானே அங்கோனிதானே! கிண்டல்னு எனக்கும் தெரியும், கபாசோவுக்கும் தெரியும். ஆனா தலைநகருக்குத் தெரியாது. தலைநகருக்கு அறிக்கை போயாச்சு.”

“அப்ப பொய்னு சொல்லி இன்னொரு அறிக்கை அனுப்புங்க.”

ஷாவா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கட்டோங்கோ, நீங்க விவரமானவரு, உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றேன். ஒரு தகவல் பொய்னு நானே ஒத்துக்கிட்டா மத்த தகவலோட கதி என்ன? அந்த நீர்யானை என்ன ஆகும்? அதை நம்பி ஒரு துணை இயக்குநர், ரெண்டு எழுத்தர், ஒரு ஜீப் இருக்கு. அவங்களுக்கும் புள்ளைகுட்டி இருக்கில்ல? ஒரு ஊரு உண்மை இல்லாம எத்தனை நாள் வேணா வாழலாம். தகவல் இல்லாம வாழ முடியாது.”

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. கட்டோங்கோவுக்கு அவரைச் சமாதானப்படுத்த வேண்டும்போல் ஆகிவிட்டது. அது அவன் குணம், என்ன செய்ய.

“வேற வழியே இல்லையா ஐயா?”

“ஒரு வழி இருக்கு. முதல் சாட்சி இங்க வந்து, தொப்பியைக் கழட்டிட்டு, தான் சொன்னதைத் திருத்திச் சொல்லலாம். திருத்தத்துக்கு விதி இருக்கு.”

கட்டோங்கோ ஓடிப்போய் ஜேரேவை இழுத்துக்கொண்டு வந்தான். வழியெல்லாம் புத்தி சொன்னான். “டேய் மச்சான், உன் கால்ல வேணா விழறேன். உள்ள போ, ‘பொய்’ன்னு ஒரு வார்த்தை சொல்லு, வெளிய வா. என் குடும்பமே உன் வாயிலதான்டா இருக்கு.”

“அட, எனக்குத் தெரியாதா? உன் மாமியார் எனக்கும் அம்மா மாதிரிதானேடா. நீ சும்மா வா.”

ஜேரே தொப்பியைக் கழற்றினான். முகத்தைப் பாதிரியார்போல் வைத்துக்கொண்டான். கபாசோ பேனாவைத் திறந்தார்.

“ஐயா, நான் சொன்னதுல திருத்தம். கட்டோங்கோவோட தாத்தா அந்த இடத்துல...” என்று சொல்லிக்கொண்டே திரும்பி நண்பனைப் பார்த்தான். அங்கேதான் வந்தது வினை. கட்டோங்கோ இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, உதடு துடிக்க நின்றுகொண்டிருந்தான். ஒரு பெம்பாக்காரனை இந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு நாக்கைக் கட்டிவைக்கிற அங்கோனிக்காரன் இன்னும் பிறக்கவில்லை.

“...ஒரு தடவை இல்லீங்க, ரெண்டு தடவை உக்காந்தாரு.”

“ரெண்டாவது எங்க?” என்றார் ஷாவா உடனே.

“நாலு எட்டு தள்ளி. இப்ப அவங்க அடுப்படி இருக்கில்ல, அங்க.”

கட்டோங்கோ திகைத்துப்போய், “டேய் பாவி, உன் தாத்தாதானடா அங்க...” என்று வாயெடுத்தான். வழக்கம் அப்படி, வாய் தானாக வந்துவிட்டது. கபாசோ, “ரெண்டாவது சாட்சி” என்று எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் அடுப்படிக்கும் ரிப்பன் கட்டினார்கள். பிரிஸ்கா முற்றத்தில் மூன்று கல்லை வைத்துக் களி கிண்டினாள். புகை கண்ணில் ஏற, யாரையும் பார்க்காமல் கிண்டினாள். ஜேரே வேலிக்கு அந்தப் பக்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

“மச்சான், உன் மூஞ்சியைப் பாத்ததும் நாக்கு தானா ஓடிடுச்சுடா. வேணும்னு செய்யலைடா.”

“எங்கிட்டப் பேசாதே” என்றான் கட்டோங்கோ. நாற்பது வருஷப் பழக்கத்தில் அவன் ஜேரேவிடம் கோபமாகச் சொன்ன முதல் வார்த்தை அது. ஜேரேவுக்கு அது செருப்படியைவிட மோசமாக வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் திறப்பு விழா. கட்டோங்கோவின் முற்றத்தில் பந்தல், ஒலிபெருக்கி, பள்ளிக்கூடப் பாண்டு வாத்தியம். ஷாவா பேசினார்.

“அன்பார்ந்த முலாஷி மக்களே! மற்ற நாடுகளிலே பெரிய மனிதர்கள் உட்கார்ந்த சிம்மாசனத்தைக் காட்டுகிறார்கள். அதிலே உட்கார்ந்து அவர்கள் என்ன சாதித்தார்கள்? ஒன்றுமில்லை. இங்கே ஓர் ஏழை உட்கார்ந்தார். ஒரு நகரமே எழுந்தது! ‘இயக்குநரே, உங்கள் துறையால் ஒருவருக்காவது வேலை கிடைத்ததா?’ என்று சிலர் கேட்கிறார்கள். ஏன் கிடைக்கவில்லை? எனக்குக் கிடைத்திருக்கிறது! ‘இந்தத் தகவலை வைத்துச் சாப்பிட முடியுமா?’ என்று கேட்கிறார்கள். பத்து ஆண்டுகளாக நான் சாப்பிடவில்லையா? அடுத்த கட்டமாக, மனிதக் கையே படாதபடி இந்த இடத்தைச் சுற்றிக் கண்ணாடிப் பேழை எழுப்பப்படும்!”

கைதட்டல் அடங்கியதும், “இப்போது வாரிசு இரண்டு வார்த்தை பேசுவார்” என்று ஒலிபெருக்கியைக் கட்டோங்கோவிடம் நீட்டினார்கள்.

கட்டோங்கோ கூட்டத்தைப் பார்த்தான். ரிப்பனைப் பார்த்தான். முற்றத்து மூலையில் கட்டிவைத்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பிரிஸ்காவைப் பார்த்தான். அவனுக்குள் ஏதோ அறுந்தது.

“மக்களே, இயக்குநர் ஐயா பாதிக் கதையைத்தான் சொன்னாரு. தன்னடக்கம், மீதியை மறைச்சுட்டாரு. எங்க தாத்தா பச்சைக் கல்லைத் தூக்கிக்கிட்டு அலறிக்கிட்டே ஓடினாரில்ல? அப்ப எதிர்ல அங்கோனிப் படையே வந்துக்கிட்டிருந்துது. முன்னால ஈட்டியோட யாரு? நம்ம ஷாவா ஐயாவோட தாத்தா! மாவீரன்! எங்க தாத்தா கையில பச்சையா என்னமோ இருக்கறதைப் பாத்தாரு. அவ்வளவுதான், மாவீரன் நின்ன இடத்துலயே நனைஞ்சுட்டாரு! அந்த இடம் எது தெரியுமா? நம்ம துறை அலுவலகம். சரியாச் சொன்னா, ஐயாவோட அறை. இன்னும் சரியாச் சொன்னா, ஐயாவோட நாற்காலிக்கு நேர் கீழே!”

பந்தல் அதிர்ந்தது. பாண்டுக்காரப் பையன் சிரிப்பில் டிரம்மைக் கீழே போட்டுவிட்டான். ஊரே ஷாவாவைத் திரும்பிப் பார்த்தது. மச்சான் கிண்டல் செய்துவிட்டான். கோபப்பட்டால் ஆள் இல்லை, மறுத்தால் அங்கோனியே இல்லை. ஷாவாவும் நம்ம ஊர்க்காரர்தானே? டாக்டர் பட்டமெல்லாம் எங்கேயோ ஓடிப்போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

“ஆமாண்டா மச்சான்! சத்தியமான வார்த்தை! எங்க தாத்தா பாய்ச்சின தண்ணியிலதான்டா ஆபீஸு மாமரம் இன்னைக்கும் காய்க்குது! வருஷா வருஷம் காம்பவுண்டு ஏறி அந்தப் பழத்தைத் திருடித் தின்னது யாரு? உங்க பெம்பாக்காரப் பயலுவதானே!”

சிரிப்பு இன்னும் ஒரு சுற்று கிளம்பியது. அது அடங்கும்போதுதான், மேடை ஓரத்தில் பேனா ஓடுகிற மெல்லிய சத்தம் ஷாவாவின் காதில் விழுந்தது.

“கபாசோ! என்னப்பா எழுதறே?”

“ரெண்டு சாட்சி ஐயா. அதுல ஒருத்தரு டாக்டர்.”

“நான் துறை ஊழியன்யா! நான் சாட்சியாகக் கூடாது!”

“அலுவல் நேரத்துலதான் கூடாதுங்க ஐயா. இன்னைக்கு ஞாயிறு.”

கபாசோ கெட்டவர் இல்லை. விதியைத் தவிர வாழ்க்கையில் வேறொன்றையும் முழுசாகப் படிக்காதவர், அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்த கையோடு இயக்குநர் அறைக்கு ரிப்பன் கட்டினார். சுற்றி நாற்பது அடிக்குள் வரவேற்பறை, ஜீப் நிற்கும் கொட்டகை, மாமரம் எல்லாம் உள்ளே போய்விட்டன. அலுவலகமே இழுத்துச் சாத்தப்பட்டது.

செய்தி கேட்டு கட்டோங்கோ பட்டறையில் குதித்தான். “ஒழிஞ்சுதுடா சனியன்! இனி எல்லா ரிப்பனையும் சேத்து அவுத்துத்தான் ஆகணும்!” கிரீஸ் கையைக்கூடத் துடைக்காமல் வீட்டுக்கு ஓடினான்.

வீட்டு வாசலில் ஒரு வரிசை நின்றது. சலூன்காரன், சைக்கிள் முச்சந்தியில் தக்காளி விற்ற பெண், நீர்யானைச் சுவரின் சொந்தக்காரர் என்று ஒரு பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு மனுவோடு. வரிசை கொல்லைப்பக்கம் வளைந்து போயிற்று. கட்டோங்கோ அதோடேயே போய்ப் பார்த்தான்.

கக்கூஸ் கதவு திறந்திருந்தது. உள்ளே, மூடி போட்ட கோப்பைமேல் கோட்டும் டையுமாக ஷாவா உட்கார்ந்திருந்தார். மடியில் கோப்பு. பக்கத்தில் தண்ணீர்ச் சங்கிலியில் அவர் தொப்பி தொங்கியது.

“வாங்க கட்டோங்கோ” என்றார் சோர்வாக. “இயக்குநர் துறைக்குச் சொந்தமான இடத்துலதான் உக்காரணும்னு விதி. துறைக்குச் சொந்தமா, உக்கார வசதியோட, ஊருல இருக்கறது இது ஒண்ணுதான். நீங்களும் மனு குடுக்கணும்னா வரிசையில வாங்க.”

கட்டோங்கோவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வாய் திறப்பதற்குள் தெருவில் டாக்ஸி வந்து நின்ற சத்தம். மாமியார்!

அவன் நிற்க முடியாது. வழக்கம் வழக்கம்தான். ஒரே தாவாகத் தாவி வேலிக்கு அந்தப் பக்கம் ஜேரே வீட்டு வாழைமரத்தின் பின்னால் பதுங்கினான். ஜேரே ஏற்கெனவே அங்கே இருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மாமியார் நாலு கால் தடியை ஊன்றி, பிரிஸ்காவின் தோளைப் பிடித்து, முற்றத்தில் மெல்ல மெல்ல வந்தாள். ண்டோலா போகிற வழியில் பெட்டியை எடுக்க நின்ற டாக்ஸிதான், ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து குண்டும் குழியுமான ரோட்டில் வந்தவளுக்கு அவசரம். முகம் இறுகியிருந்தது. வரிசையைப் பார்த்தாள், வரிசை தானாக விலகியது.

“அடுத்தவங்க” என்றார் ஷாவா, கோப்பிலிருந்து நிமிராமல். “சொல்லுங்கம்மா, உங்க மனு என்ன?”

“எந்திரி.”

“மனுவை எழுத்துல குடுக்கணும்மா.”

“தம்பி, எழுதற வரைக்கும் இது தாங்காது. நீயா எந்திரிக்கிறியா, இல்ல உன் மடியிலயே உக்காந்துடட்டுமா?”

விதிப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. ஷாவா கோப்புத் தாள்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்தார். தொப்பியை எடுக்க மறந்துவிட்டார். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே சங்கிலி இழுபட்டு, தொட்டி முழுக்கக் கொட்டுகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

வாழைமரத்தின் பின்னால் கட்டோங்கோ புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கிரீஸ் கன்னமெல்லாம் ஒட்டியது.

ஷாவாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. “கபாசோ! எழுது! அறிவிக்கப்பட்ட சரித்திரச் சின்னத்தின் முதல் பயன்பாடு! நம்ம துறையிலேயே பெரிய தகவல்யா இது! இன்னைக்கே கண்ணாடிப் பேழைக்குச் சொல்லிடலாம்! பயன்படுத்தினா சேதம்தான், பலகையில போட்டபடி வீடும் நமக்கு, அலுவலகத்துக்கு இடமும் ஆச்சு!”

“திங்கக்கிழமை ஐயா. நீங்களும் நானும் சாட்சியாக முடியாது. வெளியாளு ரெண்டு பேரு வேணும்.”

“இத்தனை பேரு நிக்கறாங்களே! கேளு!”

கபாசோ சலூன்காரனைக் கேட்டார். சலூன்காரன் ஆகாயத்தைப் பார்த்து, மழை வருமா என்று கேட்டான். தக்காளிக்காரிக்குக் காது அடைத்திருந்ததாம். நீர்யானைச் சுவர்க்காரர் தான் இன்னும் வந்தே சேரவில்லை என்று சாதித்தார். எல்லாரும் ஒரு நீலப் பலகை வாங்கியவர்கள்தானே.

கபாசோ வேலியண்டை வந்தார். “கட்டோங்கோ, நீங்க கேட்டீங்களா?”

“எதை?” என்றான் கட்டோங்கோ.

“ஜேரே, நீங்க?”

கட்டோங்கோ அவன் பக்கம் திரும்பினான். ஜேரேவின் முகம் மாறுவதை அவன் பார்த்தான். கன்னம் இரண்டும் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு பெம்பாக்காரனின் மாமியார், ஓர் இயக்குநர், சங்கிலியில் தொங்குகிற தொப்பி. ஓர் அங்கோனிக்காரனுக்கு ஆயுசில் ஒரு தடவைதான் இப்படிக் கிடைக்கும். அது வந்து நாக்கின் நுனியில் நிற்பது வெளியிலிருந்தே தெரிந்தது.

ஜேரே கட்டோங்கோவின் கிரீஸ் அப்பிய முகத்தைப் பார்த்தான். கண்ணை மூடினான். தொண்டைக்குமிழ் ஏறி இறங்க அதை அப்படியே விழுங்கினான்.

“நான் ஒண்ணும் கேக்கலீங்க ஐயா” என்றான். கண்ணோரத்தில் நீர் வழிந்தது.

கபாசோ பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். உள்ளே மாமியார் இரண்டாவது தடவை சங்கிலியை இழுத்தாள்.